பாறை இடுக்குல மலைச்செடி வளர்க்கிறது எப்படி: கிரெவிஸ் கார்டன் முழு வழிகாட்டி

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பக்கம் இருந்துக்கிட்டு ஆல்பைன் செடி வாங்கி வச்சவங்ககிட்ட கேட்டுப்பாருங்க, பாதி பேர் ஒரே கதையத்தான் சொல்வாங்க. ஏப்ரல்ல வாங்கினப்ப சின்ன மெத்தை கணக்கா பூத்துக்கிட்டு இருந்துச்சு, அடுத்த பிப்ரவரிக்குள்ள நடுவுல கருத்து அழுகிப்போச்சு. குளிர் தாங்கலன்னு நினைச்சு விட்டுடறாங்க. ஆனா அது செத்தது குளிர்னால இல்ல. ஆல்ப்ஸ்லயோ பைரனீஸ்லயோ அந்தச் செடி குளிர்காலம் பூரா பனிக்கு அடியில காய்ஞ்ச நிலையில, கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில நிம்மதியா தூங்கும். நம்ம தோட்டத்துல அதுக்கு கிடைக்கிறது நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் மழை, நடுவுல நாலு நாள் உறைபனி, திரும்ப மழை. வேரும் தண்டும் சேர்ற அந்தக் கழுத்துப் பகுதி மாசக்கணக்கா ஈரத்துல ஊறினா அழுகாம என்ன செய்யும்?

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு இருக்கிற நல்ல வழி கிரெவிஸ் கார்டன்தான். தட்டையான கல்லுங்களை நெட்டுக்குத்தலா, ஒண்ணுக்கொண்ணு நெருக்கி நட்டு, அந்த இடுக்குல செடி வைக்கிறது. செக் நாட்டுக்காரங்க வளர்த்தெடுத்த முறை இது, பிராகா பக்கத்துல கார்லிக் ஊர்ல தோட்டம் வச்சிருந்த ஸ்டெனெக் ஸ்வொலானெக் இதை ஊர் ஊராப் போய் கட்டிக் காட்டி உலகம் பூரா பரப்பினார். இப்ப இங்கிலாந்துல விஸ்லி தோட்டத்துல ஒண்ணு இருக்கு, எடின்பரோ பொட்டானிக் கார்டன்ல இருக்கு, அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்து ஆர்வாடா ஊர்ல பெருசா ஒண்ணு இருக்கு. கட்டறதுக்கு முன்னாடி முடிஞ்சா ஒண்ணையாவது நேர்ல போய்ப் பாருங்க, கல்லுக்கும் கல்லுக்கும் எவ்வளவு கம்மி இடைவெளின்னு போட்டோவுல புரியாது.

சென்னை, மதுரைல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், இந்தச் செடிங்களுக்கு நீளமான குளிர்காலத் தூக்கம் கட்டாயம், அது இல்லாம வளராது. இது குளிர் நாட்டுல இருக்கிறவங்களுக்கு எழுதறது, முக்கியமா பிரிட்டன் மாதிரி குளிர்காலம் மழையா இருக்கிற ஊருக்கு.

இடுக்கு ஏன் வேலை செய்யுது

இதை மட்டும் புரிஞ்சிக்கிட்டீங்கன்னா மீதி எல்லாத்தையும் நீங்களே யோசிச்சு முடிவு பண்ணிக்கலாம், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. எந்த மண்ணா இருந்தாலும் தண்ணி ஊத்தினா அடியில ஒரு பகுதி ஊறிப்போய் நிக்கும், அதுக்கு மேல உள்ளதுதான் வடிஞ்சு காத்தோட்டமா இருக்கும். தொட்டி ஆழம் கம்மியா இருந்தா அந்த ஊறின பகுதி செடியோட கழுத்துக்குப் பக்கத்துலயே வந்துடும். அரை மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குறுகலா நிறுத்தி வச்சா ஈரம் கீழ தங்கிடும், மேல் பகுதி மழை விட்ட கொஞ்ச நேரத்துலயே காய ஆரம்பிச்சிடும். கழுத்து காய்ஞ்சு இருக்கணும், வேர் நுனி ஈரத்துலயும் குளிர்ச்சியிலயும் இருக்கணும், மலைச்செடி கேக்கறது இந்த ரெண்டைத்தான், இடுக்கு ரெண்டையும் ஒரே நேரத்துல குடுக்குது.

வெயில் காலத்துலயும் இதே கல்லுதான் காப்பாத்தும். மண்ணோட மேற்பரப்புல முக்கால்வாசியைக் கல்லு மூடியிருக்கு, அதனால உள்ள இருக்கிற ஈரம் ஆவியாப் போக வழி கம்மி. மேல கல்லு சுட்டாலும் ஒரு சாண் ஆழத்துல தொட்டா ஜில்லுன்னு இருக்கும். வேர் அந்த ஜில்லைத் தேடி கல்லு பக்கமாவே கீழ இறங்கும். சைலீன் அக்காலிஸ்னு ஒரு குட்டிச் செடி, தரைக்கு மேல ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் நிக்கும், ஆனா அதோட ஆணிவேர் ஒரு மீட்டருக்கு மேலயும் போகும், இந்த மாதிரிச் செடியைப் பத்து சென்டிமீட்டர் தொட்டியில வச்சா அது எப்படிப் பிழைக்கும்.

இடம்

திறந்த வெளி வேணும், அரை நாளாவது நேர் வெயில். மரத்தடி வேண்டவே வேண்டாம், இலையில இருந்து சொட்டற தண்ணியும் இலையுதிர்காலத்துல மெத்தைச் செடி மேல விழுந்து மூடற சருகும் அழுகலுக்கு நேர் வழி, போதாக்குறைக்கு மர வேர் நீங்க போட்ட மணலுக்குள்ள ஏறி வந்துடும். சாய்வான இடம் கிடைச்சா சந்தோஷம், சமதளமா இருந்தாலும் பரவாயில்ல, மேடு நாமளே கட்டிக்கலாம்.

களையை இப்பவே ஒழிச்சாகணும். கோரைப்புல் மாதிரி அடியில ஓடற கவுச் கிராஸ், கிரவுண்ட் எல்டர், பைண்ட்வீட், ஹார்ஸ்டெயில், இதுல எது ஒண்ணு இருந்தாலும் கல்லு வைக்காதீங்க. ஒரு துண்டு வேர் கல்லுக்கடியில தங்கிடுச்சுன்னா அப்புறம் கல்லைப் பிரிச்சாத்தான் எடுக்க முடியும். தேவைப்பட்டா ஒரு சீசன் முழுக்க கறுப்பு ஷீட் போட்டு மூடி வச்சிட்டு அடுத்த வருஷம் கட்டுங்க. அவசரப்பட்டு ஆரம்பிக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

உங்க மண் களிமண்ணா இருந்தா பள்ளம் தோண்டாதீங்க. தோண்டி மணலைப் போட்டா அது சுத்துவட்டாரத் தண்ணி எல்லாம் வந்து நிக்கிற குட்டையாயிடும். தரைக்கு மேலயே கட்டுங்க.

கல்லு

தட்டுத் தட்டா உடையற கல்லுதான் வேணும், சாண்ட்ஸ்டோன், ஸ்லேட், சிஸ்ட், அடுக்கு அடுக்கா வர்ற லைம்ஸ்டோன் எல்லாம் சரி. உருண்டைக் கல்லு இதுக்கு ஆகாது. தடிமன் 3 முதல் 8 சென்டிமீட்டர், நீளம் ஒரு சாண்ல இருந்து அரை மீட்டர் வரைக்கும் கலந்து இருக்கட்டும். எல்லாம் ஒரே வகைக் கல்லா இருக்கணும், ரெண்டு மூணு நிறம் கலந்தா பாக்கறதுக்குக் குப்பைமேடாயிடும். ரெண்டுக்கு ஒரு மீட்டர் அளவுல, நாப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்ட ஏறக்குறைய ஒரு டன் கல்லு பிடிக்கும். கேக்க அதிகமாத் தெரியும், ஆனா கல்லுல மிச்சம் பிடிச்சா அது கிரெவிஸ் கார்டனே இல்ல, மணல்மேட்டுல அங்கங்க குத்தி வச்ச கல்லுதான்.

காசு கம்மின்னா பழைய பேவிங் ஸ்லாப், கூரையில இருந்து கழட்டின ஸ்லேட், உடைச்ச கான்கிரீட் கூட உதவும். செடி அடர்ந்ததும் கண்ணுக்குத் தெரியறது விளிம்பு மட்டும்தான்.

கல்லுல சுண்ணாம்பு இருக்கான்னு பாக்கணும்னா ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க, நுரைச்சா இருக்கு. பெரும்பாலான செடிக்கு ரெண்டும் ஒத்துக்கும், ஆனா சுண்ணாம்பு ஆகாத செடியும் இருக்கு, அதனால தெரிஞ்சு வச்சிக்கிறது நல்லது.

இன்னொண்ணு, தண்ணி அரிச்சு வழவழன்னு இருக்கிற பழைய லைம்ஸ்டோனை யாராவது மலிவா தர்றேன்னாலும் வாங்காதீங்க. வட இங்கிலாந்துல லைம்ஸ்டோன் பேவ்மெண்ட்னு சொல்ற பாறைத்தளங்களை ராக்கரிக்காக, அதாவது தோட்டத்துல கல்லு அடுக்கி அலங்காரம் பண்றதுக்காக, பேத்துப் பேத்தே பெருமளவு நாசம் பண்ணிட்டாங்க, 1981ஆம் வருஷத்து வனவுயிர் சட்டத்துக்குக் கீழதான் அதுக்குப் பாதுகாப்பு வந்துச்சு. அந்த இடுக்குல தானா வளர்ற செடியும் பெரணியும் இருக்கு. அதைப் பேத்துட்டு வந்து நம்ம வீட்டுல இடுக்கு கட்டறதுல என்ன நியாயம். குவாரியில புதுசா வெட்டின கல்லையே கேட்டு வாங்குங்க.

மணல் கலவை

நல்ல கம்போஸ்ட் போட்டாத்தான் செடி செழிக்கும்ங்கற பழக்கத்தை இங்க மறந்துடுங்க. சத்து அதிகமானா மெத்தைச் செடி தளதளன்னு ஊதி, இறுக்கம் போய், முதல் குளிர்காலத்துலயே போயிடும். நான் சொல்ற கலவை இது: கரடு மணல் ரெண்டு பங்கு, 3 முதல் 6 மில்லிமீட்டர் கிரிட் (பொடிக்கல்) ஒரு பங்கு, சாதாரண தோட்டத்து மண் ஒரு பங்கு. மழை ரொம்ப அதிகமான ஊரா இருந்தா கிரிட்டை இன்னொரு பங்கு கூட்டுங்க. செக் காரங்க சிலர் வெறும் மணல்லயே நடறாங்க, அதுவும் நல்லாவே வருது. மணல் வாங்கும்போது ஷார்ப் சாண்ட்னு சொல்லி வாங்குங்க, கொத்தனார் பூச்சுக்கு எடுக்கிற மெல்லிசு மணல் இறுகிப் போய் காத்தை அடைச்சிடும்.

கட்டறது

என்னைக் கேட்டா செப்டம்பர், அக்டோபர்ல கட்டிட்டு குளிர்காலம் பூரா மழையில உக்கார விட்டு, மார்ச்ல நடறது சரியா இருக்கும். மழையில மணல் இறங்கும், எங்க குழி விழுதுன்னு தெரியும், நிரப்பிக்கலாம். செடி வச்சதுக்கு அப்புறம் மணல் இறங்கினா வேர் அந்தரத்துல தொங்கும்.

தடி ஷூ, கையுறை, கல்லு உடைக்கிறப்ப கண்ணுக்குக் கண்ணாடி, இது மூணும் இல்லாம ஆரம்பிக்காதீங்க. கடப்பாரை ஒண்ணு, சின்ன சம்மட்டி, உளி, மண் குத்த ஒரு கட்டைக்குச்சி. பெரிய கல்லை ஒத்தையா தூக்காதீங்க, பக்கத்துல ஒருத்தர் இருக்கட்டும்.

முதல்ல கலவையைக் கொட்டி நீங்க நினைச்ச உயரத்துல பாதிக்கு ஒரு மேடு போடுங்க. அப்புறம் திசையை முடிவு பண்ணுங்க, எல்லாக் கல்லும் ஒரே திசையில, ஒரே சாய்வுல நிக்கணும், நேரா நின்னாலும் சரி லேசா ஒரு பக்கம் சாஞ்சாலும் சரி. ஷெல்ஃப்ல புத்தகம் அடுக்கின மாதிரி, அதுல உயரம் மட்டும் கூடக் குறைய. நடுவுல ஒரு கல்லு வேற திசையில திரும்பினா மொத்தப் பாறையும் பொய்யாத் தெரியும், இயற்கையில ஒரே பாறை அடுக்கு அப்படித் திரும்பாது.

கீழ் விளிம்புல இருந்து ஆரம்பிங்க, பெரிய கல்லு முதல்ல. ஒவ்வொரு கல்லும் பாதியாவது மண்ணுக்குள்ள இருக்கணும், மூணுல ரெண்டு பங்கு போனா இன்னும் நல்லது. நட்டதும் ரெண்டு பக்கமும் கலவையைப் போட்டு குச்சியால நல்லா குத்தி இறுக்குங்க, காத்துப் பொந்து இருந்தா வேர் அங்க வந்து காய்ஞ்சிடும். ஏறி நின்னு பாருங்க, ஆடக்கூடாது. அடுத்த கல்லை அதுக்கு இணையா வைங்க, நடுவுல ஒரு விரல்ல இருந்து மூணு விரல் அகலம். இடுக்கு மூடிக்காம இருக்க சின்னச் சின்ன கல்துண்டை ஆப்பு மாதிரி செருகுங்க. நிறைய பேர் தாராளமா ஒரு சாண் இடைவெளி விட்டுடறாங்க, அங்க செடி நல்லா நிக்கும்னு நினைச்சு. அகலமா விட்டா அது சாதாரண மண்பாத்திதான், ஈரமும் தங்கும், களையும் முளைக்கும், கல்லோட குளிர்ச்சியும் வேருக்குப் போகாது.

ஒரே வரிசையில ஒரு கல்லு முடிஞ்சு அடுத்த கல்லு ஆரம்பிக்கிற முனை ரெண்டும் இறுக்கமா ஒட்டியிருக்கட்டும், இல்லன்னா மழையில மணல் அது வழியா வழிஞ்சு வெளிய வந்துடும். இப்படியே மேல ஏறிக்கிட்டே போங்க, நடுவுல உயரமா ஒரு முகடு, ஒரு பக்கம் சரிவா ஒரு பக்கம் செங்குத்தா. தெற்குப் பார்த்த பக்கம் வெயிலும் சூடும், வடக்குப் பார்த்த பக்கம் நிழலும் குளிர்ச்சியும், ஒரே மேட்டுல ரெண்டு விதமான மலை கிடைச்சிடும். முடிச்சதும் ஹோஸ்ல மெதுவா தண்ணி விட்டு மணலை இறக்குங்க, குழி விழுந்த இடத்துல திரும்ப நிரப்புங்க, திரும்ப தண்ணி.

தோட்டமே இல்லாதவங்க ஒரு கல்தொட்டியிலயோ பழைய சிங்க்லயோ இதையே செய்யலாம். ஸ்காட்லாந்துல மீன் வர்ற தெர்மகோல் பெட்டிக்கு வெளிய சிமெண்ட் நிறத்துல பெயிண்ட் அடிச்சு அருமையா பண்றாங்க. அடியில ஓட்டை நிறைய போடுங்க, கல்லு தொட்டி விளிம்புக்கு மேல நல்லா எழும்பி நிக்கட்டும், அப்பத்தான் ஆழம் கிடைக்கும்.

நடறது

நர்சரியில வாங்கற செடி பீட் (சதுப்புநிலத்து மக்கு) கலந்த கம்போஸ்ட்ல இருக்கும். அதை அப்படியே இடுக்குல வச்சா சுத்தி மணல், நடுவுல பீட் உருண்டை, மழைக்கு அது ஊறியே கிடக்கும், வெயிலுக்கு முழுசா காய்ஞ்சு தண்ணியே உள்ள ஏறாது, வேரும் அதை விட்டு வெளிய வராது. அதனால வேரைக் கழுவணும். மனசுக்கு வராதுதான், ஆனா கழுவினாத்தான் நல்லது. ஒரு வாளித் தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு, மெதுவா ஆட்டி ஆட்டி கம்போஸ்டை உதிர்த்து, நீளமா சுத்திக்கிட்டு இருக்கிற வேரைக் கொஞ்சம் வெட்டிடுங்க. சின்னச் செடியா வாங்குங்க, பெரிய செடி விலையும் ஜாஸ்தி, இடுக்குல ஏறவும் ஏறாது.

பழைய வெண்ணெய்க் கத்தியால இடுக்குல மணலைத் தோண்டி எடுங்க. வேரை நேரா கீழ தொங்க விடுங்க, மேல மடங்கக்கூடாது. காய்ஞ்ச மணலை ஸ்பூனாலயோ காகிதப் புனல் வழியாவோ கொஞ்சம் கொஞ்சமா போட்டு சாப்ஸ்டிக்கால குத்தி இறக்குங்க. கழுத்து மணல் மட்டத்துக்கு லேசா மேல வரணும், ஏன்னா மேல சல்லி போட்டு மூடுவோம். கடைசியா செடிக்குப் பக்கத்துல ஒரு கல்துண்டைச் செருகி இறுக்குங்க, ரெண்டு விரலால லேசா இழுத்தா வரக்கூடாது. தண்ணி ஊத்தி ரெண்டு வாரத்துக்கு ஃப்ளீஸ் துணியோ கவுத்த தொட்டியோ வச்சு வெயில் படாம பாத்துக்கோங்க.

அதே கல்லோட சல்லியை ரெண்டு மூணு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல பரப்புங்க. கழுத்து காயறதுக்கு இது பெரிய உதவி, களையும் குறையும், மழைத்துளி தெறிச்சு இலையில மண் ஒட்டாது.

எந்தச் செடி

முதல்ல வைக்க வேண்டியது சில்வர் சாக்ஸிஃப்ரேஜ். சாக்ஸிஃப்ராகா பானிகுலாட்டா ஒண்ணு வாங்கினா போதும், இலை ஓரத்துல சுண்ணாம்புப் பொட்டு வரிசையா, பக்கத்துல குட்டி போட்டுப் பரவும், அதைப் பிச்சு அடுத்த இடுக்குல வைக்கலாம். கூடவே ட்ராபா ஐசாய்டிஸ், வசந்தம் வந்ததும் மஞ்சளா முதல்ல பூக்கிறதுல ஒண்ணு. டயாந்தஸ் வகையில குட்டையானது எது வச்சாலும் தெற்குப் பக்கம் நல்லா வரும். செம்பெர்விவம் கண்ணை மூடிக்கிட்டு வைக்கலாம். நம்ம பக்கத்து இமயமலைச் செடி ஒண்ணும் இங்க நிம்மதியா வளரும், ஆண்ட்ரோசேஸ் செம்பெர்விவாய்டிஸ், காஷ்மீர் மலைகள்ல இருக்கிறது, ரோஸ் நிறப் பூ, ஓடுதண்டு விட்டு இடுக்கு இடுக்கா தாவும்.

லூயிசியா காட்டிலிடான் ஓரிகன், வட கலிபோர்னியா பாறைச் செடி. பூ அவ்வளவு அழகு, ஆனா படுக்கையா வச்சா ரோசெட் (வட்டமா அடுக்கின இலைக்கொத்து) நடுவுல தண்ணி நின்னு அழுகும். செங்குத்தான பக்கத்துல பக்கவாட்டுல பாக்கிற மாதிரி நடுங்க, தண்ணி தானா வடிஞ்சிடும், வருஷக்கணக்கா இருக்கும்.

வடக்குப் பக்கத்து நிழல் இடுக்கை வீணாக்காதீங்க, அதுதான் ரமோண்டா மைக்கோனிக்கு இடம். பைரனீஸ் மலைச்செடி, வீட்டுக்குள்ள வளர்க்கிற ஆப்பிரிக்கன் வயலட்டோட குடும்பம். வறட்சியில இலை சுருண்டு காய்ஞ்சு செத்துப்போன கணக்கா கிடக்கும், தண்ணி கிடைச்சா திரும்ப விரியும், எனக்கு இந்தத் தோட்டத்துலயே ரொம்பப் பிடிச்ச செடி இது. பல்கேரியாவோட ஹேபர்லியாவும் அதே குணம்தான்.

கொஞ்சம் கை பழகினதும் ஜென்ஷியானா வெர்னா வைங்க. இங்கிலாந்துல அப்பர் டீஸ்டேல்லயும் அயர்லாந்துல பர்ரன்லயும் காட்டுல தானா வளருது, அந்த நீலம் வேற எந்தப் பூவுலயும் நான் பாத்ததில்ல. இதுக்கு வெயில் காலத்துல ஈரம் குறையக்கூடாது, அதனால மேட்டோட கீழ்ப்பகுதியில வைங்க. டாஃப்னே பெட்ரேயா, ஃபைசோப்ளெக்சிஸ் கொமோசா எல்லாம் அதுக்கப்புறம். எரிட்ரிச்சியம் நானம்னு ஒரு நீலப் பூ, ஆல்ப்ஸ் ராஜான்னு சொல்வாங்க, தாழ்வான இடத்துல அதைக் காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம், ஆரம்பத்துலயே காசைப் போடாதீங்க.

சின்ன மேட்டுல சீடம் ஏக்கரையும் பெரிய அவ்ப்ரீட்டாவையும் விடாதீங்க, ஒரே வருஷத்துல பக்கத்துச் செடியை மூடிடும். காம்பனுலா கோக்லியாரிஃபோலியா அழகுதான், ஆனா அடியில ஓடும், தனி மூலையில வைங்க.

காட்டுல இருந்து செடி பிடுங்கிட்டு வராதீங்க. பல இடத்துல சட்டப்படி குத்தம், வந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது.

வருஷம் பூரா

முதல் கோடையில வாரம் ஒரு தடவை ஆழமா தண்ணி, காலையில. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சா வேர் மேலயே நின்னுடும். ரெண்டாவது வருஷத்துல இருந்து நீளமான வறட்சிக்கு மட்டும் ஊத்தினா போதும். உரம் கிட்டத்தட்ட வேண்டாம்.

நவம்பர்ல உதிர்ந்த இலையை அப்பப்ப பொறுக்கிடுங்க. ஆண்ட்ரோசேஸ் மாதிரி ரோமம் உள்ள செடிக்கு மேல ஒரு கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ நிறுத்தி, மழை விழாம, நாலு பக்கமும் காத்து போற மாதிரி வைங்க. உறைபனி சின்னச் செடியை மேல தூக்கிடும், பிப்ரவரி மார்ச்ல ஒரு சுத்து வந்து விரலால அழுத்தி விடுங்க. கருங்குருவி மெத்தைச் செடியைக் கொத்திப் பிடுங்கும், புதுசா நட்டதுக்கு முதல் சில வாரம் வலை போட்டா நிக்கும். நத்தைக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பொறுக்கறதுதான் நம்பகமான வழி, ஃபைசோப்ளெக்சிஸ் இருந்தா இதைத் தவறாம செய்யணும். சாக்ஸிஃப்ரேஜ் காரணமே இல்லாம வாடி, தொட்டா கழண்டு வந்துச்சுன்னா அடியில வைன் வீவில்ங்கற வண்டோட புழு இருக்கும், மணலைக் கிளறிப் பாருங்க. களையில ரொம்பத் தொல்லை பேர்ல்வொர்ட், பாசி கணக்கா மெத்தைக்குள்ளயே கலந்து வளரும், குட்டியா இருக்கும்போதே ட்வீசரால எடுத்துடுங்க.

செடி போன இடத்துல திரும்ப வாங்கி வைக்கிறதை விட விதை போடறது மேல், இடுக்குல முளைச்ச செடிக்கு முதல் நாள்ல இருந்தே வேர் நேரா கீழ போகும். டிசம்பர் ஜனவரியில சின்னத் தொட்டியில விதைச்சு மேல கிரிட் போட்டு வெளியவே குளிர்ல விட்டுடுங்க, அந்தக் குளிர் பட்டாத்தான் பல விதை முளைக்கும். சிலது ரெண்டாவது வருஷம்தான் வரும், தொட்டியைத் தூக்கிப் போடாதீங்க. 1929ல ஆரம்பிச்ச ஆல்பைன் கார்டன் சொசைட்டி, அப்புறம் ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப், அமெரிக்காவுல நார்த் அமெரிக்கன் ராக் கார்டன் சொசைட்டி, மூணுலயும் உறுப்பினருக்கு வருஷா வருஷம் விதைப் பரிமாற்றம் உண்டு, நர்சரியில கிடைக்கவே கிடைக்காத செடியெல்லாம் அந்த லிஸ்ட்ல வரும். சாக்ஸிஃப்ராகா லாங்கிஃபோலியா அங்க கண்ணுல பட்டா விடாதீங்க. வருஷக்கணக்கா ஒரே ஒரு ரோசெட்டா பெருத்துக்கிட்டே போய், ஒரு கோடையில அரை மீட்டர் நீளத்துக்கு வெள்ளைப் பூ கொத்தா சரிஞ்சு, அதோட செத்துடும், குட்டி போடாது. விதை பழுத்ததும் ஒரு காகிதக் கவர்ல உதிர்த்து எடுத்து வச்சிக்கிட்டு, பாதியைத் தொட்டியில விதைங்க, மீதியை நேரா காலியான இடுக்குல மணலோட கலந்து தூவிடுங்க.